அளவுக் கருவி யார் கையில்?

(ஆயர் தாவாரில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே! தொழிற்சங்கத் தோழர்களே! தாய்மார்களே! எஸ்.பி.எம். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே!

அணுத் தொழில்நுட்பப் படிப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று எனக்குக் கட்டளை. "பால்மரம் வெட்டியவன் வீட்டுக்கும் அணுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களிற் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். சம்பந்தம் உண்டு. நாம் எண்ணுவதைவிட அதிகமாகவே உண்டு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அணு என்றதும் நம் மனத்தில் இரண்டு படங்கள் தோன்றுகின்றன. ஒன்று, 1945இல் ஹிரோஷிமாவிலும் நாகசாக்கியிலும் விழுந்த குண்டு. மற்றொன்று, கண்ணாடி போட்ட பெரிய விஞ்ஞானி. இரண்டும் நமக்கு எட்டாதவை என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாமவன் ஒருவன் இருக்கிறான். அவன் பம்பைப் பார்க்கிறான், வால்வைத் திருப்புகிறான், கருவியிலே முள் எங்கே நிற்கிறது என்று மணிக்கு மணி குறித்து வைக்கிறான். அவன் விஞ்ஞானி அல்லன், தொழில்நுட்பன். நம் பாஷையில் சொன்னால் அவன் தொழிலாளி. அவனுடைய படிப்பைப் பற்றித்தான் இன்று பேச்சு.

இரண்டாண்டுப் படிப்பு

அமெரிக்காவில் அசோசியேட் பட்டம் என்று ஒன்று இருக்கிறது. பள்ளிப் படிப்பு முடிந்தபின் இரண்டாண்டு படித்துப் பெறுவது. அதைச் சொல்லிக்கொடுக்கும் இடங்களைச் சமூகக் கல்லூரிகள் என்பார்கள். கனெக்டிகட் மாநிலத்திலே மில்ஸ்டோன் என்ற அணுமின் நிலையம் கடலோரத்தில் உள்ளது. அதற்கு அருகே நோர்விச் நகரிலுள்ள திரீ ரிவர்ஸ் சமூகக் கல்லூரி, அணுப் பொறியியல் தொழில்நுட்பத்தில் இந்தப் பட்டத்துக்குப் பாடம் நடத்திப் பெயர் பெற்றது. 2023இல் அம்மாநிலத்தின் சமூகக் கல்லூரிகள் ஒரே கல்லூரியாக இணைக்கப்பட்டபோது அதுவும் ஒரு வளாகமாயிற்று. நிலையம் இருக்கும் வட்டாரத்திலேயே கல்லூரி. கல்லூரி இருக்கும் வட்டாரத்திலேயே வேலை. அந்த வட்டாரத்துத் தொழிலாளியின் பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கப் போகலாம்.

என்ன படிக்கிறான்? முதலில் கணிதம், பௌதிகம், இரசாயனம். பிறகு வெப்பம் எப்படி நீராவியாகிறது, நீராவி எப்படிச் சக்கரத்தைச் சுழற்றுகிறது என்ற பாடம். பிறகு மின்சாரமும் கருவிகளும். கடைசியாக அணு உலையும் கதிரியக்கப் பாதுகாப்பும்.

அணு உலையின் தத்துவம் மந்திரமல்ல, தோழர்களே! யுரேனியம்-235 என்ற பொருளின் அணுக்கருவை நியூட்ரான் என்ற சிறு துகள் தாக்குகிறது. அணுக்கரு இரண்டாகப் பிளக்கிறது. பிளக்கும்போது வெப்பம் பிறக்கிறது. கூடவே இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவை அடுத்த அணுக்கருக்களைத் தாக்குகின்றன. இப்படியே தொடர்ந்து போவது சங்கிலித் தொடர். நியூட்ரானை விழுங்கும் தண்டுகளை உள்ளே இறக்கினால் தொடர் அடங்கும். மேலே தூக்கினால் வளரும். 1 கிராம் யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் கிடைக்கும் வெப்பம் ஏறக்குறைய 24,000 யூனிட். அதே வெப்பத்துக்கு நல்ல நிலக்கரி சுமார் 3 டன் எரிக்க வேண்டும்.

அதற்குப் பின் நடப்பதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். நம்முடைய மஞ்சோங் கடற்கரையிலே நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கும் பெரிய நிலையம் இருக்கிறது. அங்கேயும் நீராவி, இங்கேயும் நீராவி. அங்கேயும் பம்பு, குழாய், வால்வு, இங்கேயும் அவைதாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நிலக்கரி அடுப்பை அணைத்தால் நெருப்பு போய்விடும். அணு உலையை நிறுத்தினாலும் உள்ளே வெப்பம் பிறந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்க நாட்கணக்கில், மாதக்கணக்கில் தண்ணீர் ஓட வேண்டும். 2011 மார்ச்சில் ஜப்பானிலே பூகம்பம் வந்தவுடன் புக்குஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் நின்றுவிட்டன. ஆனால் சுனாமி வந்து மின்சாரத்தைத் துண்டித்தது. குளிரூட்டத் தண்ணீர் ஓடவில்லை. அங்கே உலைகள் உருகியது அதனால்தான். ஆகவே இந்தத் தொழிலில் "சுவிட்சை அணைத்துவிட்டேன், வீட்டுக்குப் போகிறேன்" என்ற பேச்சே கிடையாது.

கல்பாக்கம் காட்டும் வழி

நம் மூதாதையர் கப்பலேறிய தமிழ்நாட்டுக் கரைக்கு வருவோம். சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் கல்பாக்கம். அங்கே முதல் அணுமின் உலை 1983 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. தெற்குக் கோடியிலே கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் உலை 2013இல் மின்சாரம் தரத் தொடங்கியது. இந்த இடங்களில் பொறியியல் பட்டம் பெற்றவர்கள் மட்டுமே வேலை செய்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். இந்திய அணுசக்தி நிறுவனங்கள் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்த பிள்ளைகளையும், தொழிற்பயிற்சிப் பள்ளியில் படித்த பிள்ளைகளையும் பரீட்சை வைத்து எடுக்கின்றன. மாத உதவித்தொகை கொடுத்துப் பயிற்சியும் தருகின்றன. தேறியவர்கள் தொழில்நுட்பராக அமர்கிறார்கள். அது இந்தியக் குடிமக்களுக்கான வழி; நம் பிள்ளைகளுக்கு அல்ல. ஆனால் அந்த முறையிலே ஒரு பாடம் இருக்கிறது. படிக்கும் காலத்தில் பிள்ளையின் வயிற்றுக்கு வழி செய்துவிட்டால், ஏழை வீட்டுப் பிள்ளையும் எந்தப் பெரிய கல்வியையும் எட்டிப் பிடிப்பான்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி வந்தபோது கல்பாக்கத்தில் இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்பு அறைக்குள் ஏறியது. ஊழியர் குடியிருந்த நகரியத்தில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. ஆயினும் அன்று பணியிலிருந்தவர்கள் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள், குளிரூட்டலைக் காத்தார்கள். தம் வீடு என்ன ஆயிற்று, பெண்டு பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று தெரியாத நேரத்திலும் செய்ய வேண்டியதை வரிசை தவறாமல் செய்தார்கள். அவர்களுக்கு அந்த உறுதியைத் தந்தது பயிற்சி.

கற்பிக்காமல் வேலை வாங்கினால்?

இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சியும் உண்டு. ஜப்பானிலே தோக்காய்முரா என்ற ஊர். 1999 செப்டம்பர் 30ஆம் நாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் மூன்று தொழிலாளர்கள் அணு உலைக்கான யுரேனியக் கரைசலைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தொட்டியில் இவ்வளவுதான் ஊற்றலாம் என்று அளவு உண்டு. அந்த அளவு 2.4 கிலோ யுரேனியம். அவர்கள் ஊற்றியதோ சுமார் 16 கிலோ. எதனால் ஊற்றினார்கள் தெரியுமா? வாளியால்! வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்பதற்காக, அனுமதி பெற்ற முறையை விட்டு, வாளியால் ஊற்றும் வழக்கம் அந்த ஆலையில் புகுந்துவிட்டது. தொட்டிக்குள்ளேயே சங்கிலித் தொடர் தொடங்கியது. நீல ஒளி பளிச்சிட்டது. மூவரில் இருவர் மாதக்கணக்கில் மருத்துவமனையில் போராடி மாண்டார்கள். சுற்றுவட்டாரத்தில் மூன்று இலட்சம் மக்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும்படி சொல்லப்பட்டார்கள்.

அந்தத் தொழிலாளர்கள் மூடர்களா? இல்லை. ஓரளவுக்கு மேல் ஒரே தொட்டியில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் சரியாகக் கற்பிக்கவில்லை. கற்பிக்க வேண்டியவர்கள் கற்பிக்கவில்லை என்று பின்னர் நீதிமன்றமும் பொறுப்பாளிகளைத் தண்டித்தது. ஆனால் போன உயிர் திரும்பியதா?

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. நம் தோட்டங்களில் புல்லுக்கு மருந்தடித்த பெண்களை நினைத்துப் பாருங்கள். முதுகிலே தொட்டி, கையிலே குழாய். டப்பாவில் அச்சடித்திருந்த எச்சரிக்கையைப் படிக்க முடியாதவர்கள் எத்தனை பேர்! பாராகுவாட் என்ற அந்தக் கொடிய நஞ்சு நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் நாளன்றுதான் முற்றாகத் தடை செய்யப்பட்டது. அதுவரை என்ன நடந்தது? ஆபத்து ஒருவர் தோளில். ஆபத்தைப் பற்றிய அறிவு வேறொருவர் மேசையில். இந்தப் பிரிவினை இருக்கும்வரை தொழிலாளிக்கு விமோசனம் கிடையாது.

நம் பேராக்கிலேயே

வேறு நாட்டுக் கதை எதற்கு? இங்கிருந்து ஈப்போவுக்குப் போகிறோமே, அதற்குப் பக்கத்தில் புக்கிட் மேரா. ஈயம் தோண்டிய மண்ணில் ஒதுங்கிய மணலிலே மோனசைட் என்ற தாது இருக்கிறது. அதிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுக்க, ஜப்பானியப் பங்கு கொண்ட ஏசியன் ரேர் எர்த் நிறுவனம் 1979இல் அமைந்தது. 1982இல் ஆலை ஓடியது. தாதுவிலிருந்து வேண்டியதை எடுத்த பிறகு மிஞ்சுகிற கழிவில் தோரியம் இருக்கும். தோரியம் கதிரியக்கப் பொருள். அது பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள் வேண்டும்.

ஊர் மக்கள் அஞ்சினார்கள். பாப்பானில் கழிவைச் சேமிக்கும் திட்டம் வந்தபோது மறியல் செய்தார்கள். அபாயம் உண்டா இல்லையா என்ற வாதம் எழுந்தது. அளந்து பார்க்க வேண்டுமே! மக்களிடம் கருவி ஏது? 1984இல் ஜப்பானிலிருந்து சடாவோ இச்சிகாவா என்ற பேராசிரியர் வந்து அளந்து காட்டினார். நிறுவனத்தின் பக்கத்து நிபுணர்கள் ஆபத்தில்லை என்றார்கள். 1985இல் ஊர்வாசிகள் எட்டுப் பேர் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 1992 ஜூலையில் மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 1993 டிசம்பரில் மேல் நீதிமன்றம் அதை மாற்றியது. எனினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. கழிவை கிளேடாங் மலைப்பகுதியில் புதைத்துக் காக்கும் வேலை அதற்குப் பிறகும் நெடுங்காலம் நடந்தது.

தோழர்களே! அந்த மக்கள் காட்டிய துணிவுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தன் வீட்டு வாசலிலே எவ்வளவு கதிர் விழுகிறது என்று அறிய, கடல் கடந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. அந்த ஊரிலே, அந்த ஆலையிலே வேலை செய்தவர்களுக்குள்ளே, கருவியைப் பிடித்து அளந்து, எண்ணைப் படித்து, "இது இவ்வளவு, சட்டம் அனுமதிப்பது இவ்வளவு" என்று சொல்லக்கூடிய பத்துப் பேர் இருந்திருந்தால் வாதம் வேறு விதமாக நடந்திருக்கும். அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சியிருப்போம்; அஞ்ச வேண்டாத இடத்தில் அமைதியாக இருந்திருப்போம். ஆலையை ஆதரிக்கிறவனுக்கும் கணக்கு வேண்டும். எதிர்க்கிறவனுக்கும் கணக்கு வேண்டும். அளவுக் கருவி எவன் கையிலோ, சொல்லும் அவன் கையில்தான்!

நம் நாட்டில் வேலை எங்கே?

"நம் நாட்டில் அணுமின் நிலையமே கிடையாதே, படித்துவிட்டு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். உண்மை. மின்சாரம் தரும் அணு நிலையம் மலேசியாவில் இல்லை. 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட 13ஆம் மலேசியத் திட்டம் அணுமின்சாரத்தைப் பற்றியும் பேசுகிறது. அது வரலாம், வராமலும் போகலாம். அதை நம்பி மட்டும் பிள்ளையைப் படிக்க வையுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் கதிரியக்கத் தொழில் நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. சிலாங்கூரில் பாங்கியிலே மலேசிய அணு நிறுவனம் உள்ளது. அங்கே 1 மெகாவாட் ஆய்வு உலை 1982 ஜூன் 28 முதல் இயங்குகிறது. அது மின்சாரத்துக்காக அன்று. ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் உரியது. கோபால்ட்-60 என்ற பொருளின் காமாக் கதிரைக் கொண்டு மருத்துவப் பொருள்களைக் கிருமி நீக்கும் கூடமும் அங்கே இருக்கிறது.

இன்னொன்றைக் கேளுங்கள், இது நம் இரத்தத்தோடு கலந்த விஷயம். நாம் மங்கிலிருந்து வாளிக்கு ஊற்றிச் சுமந்த ரப்பர்ப்பாலை உறுதியான பொருளாக்க, கந்தகம் முதலிய மருந்துகள் சேர்த்துச் சூடாக்குவது பழைய முறை. அதற்குப் பதிலாகப் பாலின்மீது காமாக் கதிரைப் பாய்ச்சியும் உறுதியாக்கலாம். கந்தகம் வேண்டாம், பழைய முறையில் உண்டாகும் சில தீய இரசாயனங்களும் உண்டாவதில்லை. பாங்கியிலே இதை ஆராய்ந்து முன்னோடி ஆலையும் அமைத்தார்கள். அந்தக் கதிர் நம் பால்வாளிக்குள்ளேயே வந்து விழுந்திருக்கிறது! "எங்களுக்கும் அணுவுக்கும் என்ன சம்பந்தம்" என்று இனி எப்படிக் கேட்பது?

மருத்துவமனைகளில் கதிர் சிகிச்சை இருக்கிறது. எண்ணெய்க் குழாய், கொதிகலன், கப்பல் ஆகியவற்றின் பற்றவைப்பில் வெடிப்பு இருக்கிறதா என்று கதிரால் படம் பிடித்துப் பார்க்கும் தொழில் இருக்கிறது. லூமுட் கப்பல் தளத்தையும் மஞ்சோங் மின்நிலையத்தையும் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு அது தூரத்துத் தொழிலல்ல. அந்தப் படக்கருவிக்குள்ளே இரிடியம்-192 இருக்கும். 2018 ஆகஸ்டிலே அப்படிப்பட்ட 23 கிலோ எடையுள்ள கருவி ஒன்று சிரம்பானிலிருந்து ஷா ஆலமுக்கு வண்டியில் வரும் வழியில் காணாமற்போய் நாடே கலங்கியது. கருவியைத் தூக்குகிறவனும் வண்டி ஓட்டுகிறவனும் தாங்கள் சுமப்பது இன்னதென்று முழுமையாக அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

வழி இது

தம்பி தங்கைகளே! இந்தப் படிப்பின் வாசல் நம் நாட்டில் வேறு பெயர்களில் திறந்திருக்கிறது. கணிதத்தையும் பௌதிகத்தையும் விடாதீர்கள். எஸ்.பி.எம். முடிந்தவுடன் பாலிடெக்னிக்கில் இயந்திரம், மின்சாரம், மின்னணு ஆகிய துறைகளில் டிப்ளமா படிக்கலாம். நாட்டின் முதல் பாலிடெக்னிக் நம் ஈப்போவில்தான் இருக்கிறது: 1969இல் தொடங்கிய உங்கு ஒமார். டிப்ளமா கையிலிருந்தால், பாங்கியில் நடக்கும் கதிரியக்கப் பாதுகாப்பு, கதிர்ப்படச் சோதனை ஆகிய பயிற்சிகளுக்குப் போய்ச் சான்றிதழ் பெறலாம். மேலே படிக்க விரும்பினால் யூ.கே.எம்.மில் அணு அறிவியலும், யூ.டி.எம்.மில் அணுப் பொறியியலும் உண்டு. பெண்பிள்ளைகளுக்கு இது ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேரட்டுக்கு விடியுமுன் எழுந்து நிரைக்குப் போன தாயின் மகளுக்கு ஆகாத தொழில் எது?

இந்தத் தொழிலில் சேருகிறவர் மூன்று சொற்களை மறக்கக்கூடாது: நேரம், தூரம், தடுப்பு. கதிருக்கு முன்னே நிற்கும் நேரத்தைக் குறை. தூரத்தைக் கூட்டு, சிறிய கதிர்மூலத்திலிருந்து இரண்டு மடங்கு விலகினால் கதிர் நாலில் ஒரு பங்காகும். நடுவே ஈயமோ கான்கிரீட்டோ தடுப்பாக இருக்கட்டும். நம் நாட்டுச் சட்டப்படி கதிரியக்கத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டும், பொதுமக்களுக்கு 1 மில்லிசீவர்ட்டும் உச்ச வரம்பு. சட்டையில் மாட்டும் அளவுப் பட்டையை ஒருநாளும் கழற்றி வைக்கக்கூடாது. அதில் பதிந்த கணக்கைக் கேட்டுப் பார்க்க வேண்டும். சம்பளச் சீட்டைச் சரிபார்ப்பது எப்படியோ, அப்படியே இதையும் சரிபார்க்க வேண்டும். சம்பளத்தில் குறைந்ததைப் போராடி வாங்கலாம். உடம்பில் ஏறியதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

பெற்றோர்களே! இந்த வட்டாரத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் காலியாயின. போகிறவனுக்கு நிலமும் கிடைக்கவில்லை, தொழிலும் கற்பிக்கப்படவில்லை. மீண்டும் அந்த நிலை வரக்கூடாது. புதிய தொழில் எது வந்தாலும் அதன் கடைநிலை வேலைக்கு மட்டும் நம்மை அழைக்கிற வழக்கம் ஒழிய வேண்டும். அதற்கு ஒரே வழி, அந்தத் தொழிலின் கணக்கை நம் பிள்ளைகள் கற்பது.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பாலிடெக்னிக்குக்கு மனுப் போட உதவி, பயணச் செலவு, புத்தகச் செலவு, கணித வகுப்பு இவற்றுக்கு வழி செய்யுங்கள். ஆபத்தான பொருள் கையாளும் எந்த வேலைக்கும், "முதலில் பயிற்சி, பிறகுதான் வேலை" என்பதை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாக எழுதும்படி கேளுங்கள். கூலிக்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தை இதற்கும் கொடுங்கள்.

நாளை நம் நாட்டில் அணுமின் நிலையம் எழலாம், எழாமலும் போகலாம். கதிர் மட்டும் ஏற்கெனவே ஆலையிலும் ஆஸ்பத்திரியிலும் கப்பல் தளத்திலும் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது; மணக்காது; சுடாது. கருவி ஒன்றுக்குத்தான் தெரியும். அந்தக் கருவியைப் பிடிக்கும் கைகளில் நம் பிள்ளைகளின் கையும் ஒன்றாக இருக்கட்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன்.